மூக்குத்தி மாற்றிய மனிதர்

திருமயம் கோட்டை மலைச் சரிவில் குகைக் கோவில் இருக்கிறது. அங்கே பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பின்னாளில் அதைச் செதுக்கி அழித்துவிட்டார்கள். சில எழுத்துக்களே மிச்சம்.

ஆனால், குழந்தைகளின் நாவில் எழுதிய இசைப் பாடம் ஒன்று அழியவே இல்லை. அதை வகுத்தவர் புரந்தரதாசர்.

அவர் 1484-ம் ஆண்டில் பிறந்தார் என்பர். இயற்பெயர் சீனிவாச நாயக். வட்டிக்கடை வைத்திருந்த பெரும் பணக்காரர். மகா கருமி!

ஒருநாள் ஓர் ஏழை, மகனின் பூணூல் கலியாணத்துக்கு உதவி கேட்டு வந்தார். சீனிவாசர் விரட்டிவிட்டார். அவருடைய மனைவி சரஸ்வதி மனம் இரங்கி, தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தாள். ஏழை அதை எடுத்துக்கொண்டு சீனிவாசர் கடைக்கே அடகு வைக்க வந்தார்!

மனைவியின் மூக்குத்தி என்று தெரிந்தது. அவளுடைய பெரிய மனம் அவர் கண்ணைத் திறந்தது. சொத்தை எல்லாம் தானம் செய்தார். தம்பூராவை ஏந்தினார். வியாசராயரின் சீடர் ஆனார். இப்படிச் சொல்கிறது கர்ண பரம்பரைக் கதை.

பாமர ஜனங்களுக்கும் புரியும்படி கன்னடத்தில் பாடினார். சின்னஞ்சிறுவர்களும் இசை பயில எளிய வழி கண்டார். அதுவே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. ஏழு சுரங்களில் ஏறி இறங்கவேண்டும். கையால் தாளம் போடவேண்டும். காது கேட்கும், வாய் பாடும், கை எண்ணும். மூன்றும் ஒன்றாகப் பழகும்.

1767-ல் திருவாரூரில் பிறந்த தியாகராஜர், புரந்தரதாசரின் பாடல்களைத் தாய் பாடக் கேட்டு வளர்ந்தவர் என்பர்.

1564-ல் ஹம்பியில் புரந்தரதாசர் மறைந்தார். இன்றும் கர்நாடக இசை பயில உட்காரும் குழந்தைக்கு முதல் பாடம் அவருடைய பாடமே!