முன்சீப் நல்லசாமிப் பிள்ளையின் சித்தாந்த நூற்பணி

காவிரியின் தென்கரையிலே தாயுமானவர் எழுந்தருளிய சிராமலையும், ஆற்றிடைத் தீவிலே திருவானைக்காவும் திருவரங்கமும் விளங்கப் பெற்ற திருச்சிராப்பள்ளிக்கு, தலப்பெருமையோடு அறிஞர் பெருமையும் உண்டு. நாயக்கர் அரசில் அலுவல் பார்த்த தாயுமான அடிகள் இந்நகரில் வாழ்ந்தவர். அடிகள் ஒரு காலத்தில் அரச அலுவலைத் துறந்து, துறவு நெறியிற் சென்றார். துறவாது, அலுவலிலே நின்றுகொண்டே அருள்நூற்பணி புரிதலும் கூடும் என்பதைக் காட்டியவர், இதே நகரில் 1864ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் தோன்றிய ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அவர்கள்.

பிள்ளை அவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றுச் சட்டமுங் கற்றார். மதுரையில் வழக்கறிஞராய் இருந்தபின், மாவட்ட முன்சீப் பதவியை ஏற்றார். அக்காலத்தில் ஆங்கிலம் கற்றார்க்கு இதனினும் மதிப்புடைய வாழ்வு அரிது. ஊதியமும் ஊரார் வணக்கமும் தாமே வரும்; ஓய்ந்த பொழுதை உறவினரோடும் நண்பரோடும் இன்புற்றுக் கழிக்கலாம். அவரோ, சைவ சித்தாந்த சண்டமாருதம் எனப் புகழ்பெற்ற சூளை சோமசுந்தர நாயகர் அவர்களின் தொடர்பினால் மெய்கண்ட நூல்களில் ஈடுபட்டார். வழக்குக் கட்டுகளுக்கு இடையே சிவஞானபோதமும் அவர் மேசைமேல் இடம்பெற்றது.

அந்நாளில் அந்நூல்களின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. ஆதீனங்களிலே வழிவழியாகப் பாடங் கேட்டவர்கள் அவற்றை நன்குணர்ந்திருந்தனர். ஆனால் கல்லூரிகளிலே ஆங்கிலம் பயின்ற தமிழிளைஞர், பிறநாட்டுத் தத்துவங்களை ஆசிரியர் பெயரோடு ஒப்பிப்பர். தம் நாட்டு மெய்கண்டாரை அறியார். யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த ஹொய்சிங்டன் என்னும் பாதிரியார் சிவஞானபோதத்தை ஆங்கிலமாக்கி, அது 1854ஆம் ஆண்டில் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழக வெளியீட்டில் வந்திருந்தது. எனினும், அந்நெறியிலே நின்று ஒழுகும் தமிழர் ஒருவர் உலகறிந்த மொழியில் அதனை எடுத்துரைக்க வேண்டியிருந்தது. அக்கடமையைப் பிள்ளை அவர்கள் மேற்கொண்டு, 1895ஆம் ஆண்டில் சிவஞானபோதத்தைக் குறிப்புரையோடு ஆங்கிலத்தில் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே உமாபதி சிவாசாரியரின் திருவருட்பயன் வந்தது.

நீதிமன்றத் தொழிலும் நூற்றொழிலும் ஒன்றற்கொன்று பகையெனக் கருதுவாருண்டு. பிள்ளை அவர்களிடத்தில் அவை துணையாயின எனல் தகும். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களையும் மெய்கண்டார் அதிகரணங்களாக வகுத்து, ஒவ்வொன்றினும் மேற்கோள் கூறி, ஏதுக் காட்டி, எடுத்துக்காட்டினால் நிறுவுகின்றார். வாதத்தைக் கேட்டு, சான்றை ஆய்ந்து, காரணங் காட்டித் தீர்ப்பெழுதுவது முன்சீபின் நாட்கடமை. அப்பயிற்சியுடைய அறிவுக்கு மெய்கண்டாரின் முறை அயலாகத் தோன்றாது. நீதிமன்றத்தில் அவர் நாள்தோறும் ஆண்ட ஆங்கிலமும் நூலாக்கத்திற்குக் கருவியாயிற்று.

தனிநூல்கள் மட்டும் போதா எனக் கண்ட பிள்ளை அவர்கள், 1897ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சித்தாந்த தீபிகை என்னும் ஆங்கிலத் திங்களிதழைத் தொடங்கினார். அதன் தமிழ்ப் பதிப்பிற்கு ஆசிரியராக அவர் தெரிந்தெடுத்தவர், அன்று இருபது வயது கடந்த இளைஞராயிருந்த வேதாசலம் பிள்ளை அவர்கள்; பின்னாளில் மறைமலையடிகள் எனத் தமிழகம் போற்றிய பெருமகனார் அவரே. நூலெழுதுவோர் பலர், எழுதவல்லவரை இனங்கண்டு இடந்தருவோர் சிலர்.

திங்களிதழ் நடத்துதல் எளிய செயலன்று. நூலாயின் முடிந்தபோது அச்சேற்றலாம். இதழோ திங்கள் தவறாது உணவு கேட்கும் குழந்தை போன்றது. முன்சீபோ மாற்றலுத்தரவு வந்தால் ஊர்விட்டு ஊர் செல்லவேண்டியவர். கட்டுரை தேடுதல், அச்சுப்படி திருத்துதல், அச்சுக்கூலி கொடுத்தல் ஆகிய இவையெல்லாம் நீதிமன்ற நேரத்திற்குப் புறம்பாகவே நடைபெற வேண்டும். தீபிகை 1914ஆம் ஆண்டு வரை 17 ஆண்டுகளில் 14 தொகுதிகளாக வந்தது. தொகுதியின் எண் ஆண்டின் எண்ணுக்குக் குறைந்திருப்பதே, இடையில் அது தடைப்பட்டதற்குச் சான்று. நின்ற இதழ் பெரும்பாலும் மீண்டெழுவதில்லை. தீபிகை மீண்டும் எழுந்தது.

அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியார் சுபக்கத்தை அவ்விதழிலே பகுதி பகுதியாக மொழிபெயர்த்து வந்தார். நூலுருவில் அது 1913ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. சிறு பொழுதுகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதுவார்க்குப் பெருநூல் ஒன்று நிறைவெய்த இத்துணைக் காலம் ஆகும்! இதற்கு முன்பே, 1911ஆம் ஆண்டில், அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் சைவ சித்தாந்த ஆராய்ச்சிகள் என்னும் பொருளமைந்த தலைப்பில் தொகுக்கப்பெற்றன. ஜெர்மனி நாட்டுச் சோமெருஸ் என்பார் 1912ஆம் ஆண்டில் தம் மொழியிற் சைவ சித்தாந்தப் பெருநூல் இயற்றியபோது, பிள்ளை அவர்களின் பணியும் அவருக்குத் துணையாயிற்று.

1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் பிள்ளை அவர்கள் மதுரையில் சிவபதம் அடைந்தார். பெரியபுராணத்தின் அடியார் வரலாறுகளை அவர் ஆங்கிலத்திற் செய்த நூல், 1924ஆம் ஆண்டில் வெளிவந்தது. சோழர் அமைச்சராயிருந்து அடியார் வரலாறு பாடியவர் சேக்கிழார் பெருமான். அப்பெருமானின் நூலே, அலுவலில் இருந்தவாறு எழுதிவந்த இவ்வறிஞருக்கு இறுதிப் பணியாக அமைந்தது மிகப் பொருத்தமுடையது.

அலுவல் மிகுதியால் நூல் கற்கவும் எழுதவும் காலமில்லை என்பது இந்நாளிலும் கேட்கப்படும் சொல். பிள்ளை அவர்களுக்கும் ஒருநாளைக்கு அறுபது நாழிகையே இருந்தது. அவர் எழுதிய தீர்ப்புகள் அவ்வவ் வழக்குகளோடு முடிந்தன. மாலையிலும் விடுமுறையிலும் எழுதியவை இன்றும் உலகெங்கும் கற்கப்படுகின்றன. சிராமலைத் தாயுமானவரை வணங்கச் செல்லும் அன்பர்கள், இந்நகரம் ஈன்ற இத்தொண்டரையும் ஒருமுறை நினைந்து, மெய்கண்ட நூல்களுள் ஒன்றையேனும் கற்கத் தொடங்குவாராயின், அதுவே அவர்க்குச் செய்யும் கைம்மாறாகும்.