வெள்ளிக் கிண்ணத்தில் ஒரு கண்

செடிக்கும் உணர்ச்சி உண்டு என்றவர் ஜகதீச சந்திர போஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆரணியிலிருந்து பஸ் பிடித்து வந்து எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற எனக்கு, உலோகத்தில் கண் செய்து பார்த்த போஸைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

1858 நவம்பர் 30-ல் இன்றைய வங்கதேசத்தில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை, மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடு உட்காரும் வங்காளிப் பள்ளியில்தான் சேர்த்தார். கேம்பிரிட்ஜ் படிப்பு முடித்து 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு வந்தால், வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இவருக்குக் குறைந்த சம்பளம்! மனுஷன் ஒழுங்காக வகுப்பு எடுத்தார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று வருஷம்! கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது.

வெளிச்சம் பட்டால் கண்ணில் மின்சாரம் மாறும் என்பதை 1865-லேயே சுவீடனின் ஹோம்கிரன் தவளைக் கண்ணில் கண்டிருந்தார். இது உயிருக்கு மட்டுமே சொந்தமா என்பதுதான் போஸின் கேள்வி. ஒரு வெள்ளிக் கம்பியின் நுனியைத் தட்டிக் கிண்ணமாக்கினார். உள்ளே புரோமின் ஆவி காட்டி, தண்ணீர் ஊற்றி, கால்வனாமீட்டரில் இணைத்தார். கிண்ணம்தான் விழி, கம்பிதான் பார்வை நரம்பு. வெளிச்சம் பட்டதும் மின்சாரம் எழுந்தது, மறைத்ததும் தணிந்தது. அந்த வரைகோடு தவளைக் கண்ணின் கோட்டை ஒத்திருந்தது. 1902-ல் புத்தகமாகவும் போட்டார்.

லண்டன் உடலியல் அறிஞர்கள் ஒப்பவில்லை. இயற்பியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்ற எரிச்சலும் உண்டு. ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்பேன். கோடு ஒன்றுபோல இருந்தால் உள்ளே நடப்பதும் ஒன்றாகிவிடாதே!

அவருடைய கலீனா படிகக் கருவி வேறு ரகம். வெளிச்சம், ரேடியோ அலை இரண்டையும் உணரும். 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, எண் 755840. நண்பர்கள் வற்புறுத்தித்தான் வாங்கினார், காசாக்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நம் சீனியர்கள் பார்க்கிற போட்டோ சென்சாருக்கு அது பாட்டன் முறை.

1917-ல் கல்கத்தாவில் சொந்த ஆய்வு நிலையம் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் கிரீடியில் காலமானார்.

ஹோம்கிரன் கண்ட மின்சாரம் இன்று ஈ.ஆர்.ஜி. என்ற பரிசோதனை. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் செய்கிறார்கள். சுமார் 20 நிமிஷம் இருட்டில் உட்கார வைத்து, விழியில் மின்முனை பொருத்தி, பளிச்சென்று வெளிச்சம் காட்டுவார்கள். எழும் அலையை மைக்ரோவோல்ட்டில் அளப்பார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்கிற நம் பக்கத்தில் பரம்பரை விழித்திரை நோய்கள் அதிகம். மாலைக்கண்ணில் தொடங்கும் அந்த வகை நோயில், விழித்திரையில் டாக்டர் கண்ணுக்கு எதுவும் தெரியும் முன்பே பல சமயம் இந்த அலை சுருங்கிவிடுகிறது.