கல்லைத் தூக்கியவர், வாசலில் காவல் நின்றவர்: காமா பயில்வான்

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து முல்லா வீதியில் நடந்து வந்துகொண்டிருந்தேன். ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் இருவர் கைப்பேசியை நீட்டியபடி வழிமறித்தார்கள். காமா பயில்வான் 1,200 கிலோ கல்லைத் தூக்கினார் என்று ஒரு வீடியோ. ஒருவன் அதை அப்படியே நம்புகிறான், மற்றவன் சுத்தக் கப்ஸா என்கிறான். ஹஜ்ரத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

வந்த செய்தியை விசாரிக்காமல் ஏற்காதே, விசாரிக்காமல் மறுக்கவும் செய்யாதே என்பதுதான் மதரஸாவில் எங்களுக்குக் கிடைத்த முதல் பயிற்சி. ஆகவே அன்று சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, தெரிந்ததையெல்லாம் அடுக்கிப் பார்த்தேன். அந்தக் கல்லைவிடக் கனமான ஒன்று அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

காமாவின் இயற்பெயர் குலாம் முஹம்மது பக்ஷ். 1878ஆம் ஆண்டு, பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில், காஷ்மீரிலிருந்து வந்து குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். தந்தை முஹம்மது அஜீஸ் பக்ஷும் பயில்வான்தான். மத்திய இந்தியாவில் இருந்த ததியா சமஸ்தான அரசரின் ஆதரவில் இருந்தவர். காமா சின்னஞ்சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தை மௌத்தாகிவிட்டார். எத்தீமாகிப்போன பிள்ளையைத் தாய்வழிப் பாட்டனார் நூன் பயில்வான் எடுத்து வளர்த்தார். அவரும் காலமான பிறகு மாமா ஈதா பயில்வான் பொறுப்பேற்றார். தந்தை விட்டுப்போன கோதாவில் இந்தப் பிள்ளை இறங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் இருவரின் எண்ணமும்.

1888இல் ஜோத்பூர் மகாராஜா உடல்வலுப் போட்டி ஒன்றை நடத்தினார். நாடெங்கிலுமிருந்து 400க்கும் மேற்பட்ட பயில்வான்கள் வந்தார்கள். யார் அதிக நேரம் பஸ்கி எடுக்கிறார்கள் என்பதே போட்டி. ஒவ்வொருவராகச் சோர்ந்து விலக, கடைசியில் எஞ்சிய 15 பேரில் ஒருவராகப் பத்து வயது காமா நின்றார். வயதைக் கருதி மகாராஜா அவரையே வெற்றியாளராக அறிவித்தார். அதன்பின் ததியா அரசர் தம் செலவில் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்.

அந்தப் பயிற்சியைப் பற்றிப் பல கணக்குகள் உலவுகின்றன. நாள்தோறும் 5,000 பஸ்கி, 3,000 தண்டால், நாற்பது பேரோடு குஸ்தி என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு நொடிக்கு ஒன்று வீதம் எடுத்தாலும் 5,000 பஸ்கிக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்டாலுக்கு இன்னொரு ஒன்றேமுக்கால் மணி நேரம். வேறு வேலையே இல்லாமல் அரசர் சோறு போட, விடியலுக்கு முன் எழுந்து மாலை வரை அதிலேயே கிடக்கும் ஒருவருக்குத்தான் அது நடக்கும். எண்ணிக்கை கூடக்குறைய இருக்கலாம். ஆனால் அந்த உடம்பு ஊசியாலும் பொடியாலும் வந்ததல்ல என்பதில் சந்தேகமில்லை. பாலும் நெய்யும் பாதாமும் இறைச்சியும், அவற்றைச் செரிக்க வைத்த உழைப்பும்தான் அதன் முதல். பயிற்சிக்கு அவர் பயன்படுத்திய, நடுவில் துளையுள்ள 95 கிலோ வட்டு ஒன்று பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது.

1895இல், பதினேழு வயதில், அன்றைய இந்தியாவின் தலைசிறந்த பயில்வான் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவுக்கு அறைகூவல் விடுத்தார். ரஹீம் பக்ஷ் ஏழடியை எட்டும் உயரம். காமா ஐந்தடி ஏழு அங்குலம். அது சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்று நினைத்து வந்தவர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அன்றிலிருந்து காமாவின் பெயர் வட இந்தியா முழுவதும் தெரிந்தது.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம். நம் தெற்குச் சீமை ஊர்களில் இளவட்டக்கல் என்று ஒன்று கிடக்கும். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குத்தான் பெண் என்று ஒரு வழக்கம் இருந்தது. கல் தூக்கிப் பலம் காட்டுவது நாடு முழுவதும் இருந்த பழக்கம்தான். பரோடாவுக்கு ஒரு போட்டிக்காகச் சென்றிருந்த காமா, 1902இல் அங்கே ஒரு கல்லைத் தூக்கினார் என்று அந்தக் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. சயாஜி பாக் பூங்காவில் உள்ள அருங்காட்சியகத்தில் அதை இன்றும் பார்க்கலாம். சுமார் இரண்டரை அடி உயரம், 1,200 கிலோ எடை.

இரண்டு கைகளாலும் தரையிலிருந்து பாரம் தூக்குவதில் இன்றைய உலக சாதனையே 500 கிலோவைச் சற்றுத் தாண்டியதுதான். அப்படியானால் 1,200 கிலோ? கல்வெட்டு, தூக்கினார் என்றுதான் சொல்கிறது, எந்த முறையில் என்று விவரிக்கவில்லை. ஒரு கல்லின் ஒரு விளிம்பை மட்டும் கிளப்பினால் பாதிப் பாரத்தைத் தரை சுமந்துகொள்ளும். முதுகைக் கொடுத்துத் தூக்குவது இன்னொரு முறை. கனடாவில் பிரெஞ்சு பேசும் குடும்பத்தில் பிறந்த லூயி சீர் என்ற பலசாலி, 1895இல் பாஸ்டன் நகரில் 18 பேர் நின்ற மேடையை அதனடியில் குனிந்து முதுகால் கிளப்பினார். அது 4,337 பவுண்டு, அதாவது 1,960 கிலோவுக்கும் மேல். தொடை எலும்பும் முதுகும் நேராகத் தாங்கும்போது, சில அங்குலம் மட்டும் உயர்த்தினால், மனித உடம்பு இவ்வளவு பாரம் தாங்கும். ஆகவே இரண்டு பிள்ளைகளுக்கும் என் பதில்: கல் உண்மை, கல்வெட்டு உண்மை. குழந்தையைத் தூக்குவதுபோல் மார்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார் என்று வீடியோவில் சேர்த்தது மட்டும் நம்பும்படி இல்லை.

அந்தக் காலம் பலசாலிகளின் காலம். ஐரோப்பாவில் சாண்டோ, நம் பக்கம் ஸ்ரீகாகுளம் பகுதியில் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடு என்று பெரிய பெயர்கள் இருந்தன. ராமமூர்த்தி நாயுடு சர்க்கஸ் கூடாரத்தில் மார்பின்மேல் யானையை ஏறச் செய்தார், மூச்சை இழுத்துப் பிடித்து மார்பில் சுற்றிய இரும்புச் சங்கிலியை அறுத்தார். இவற்றுக்கெல்லாம் பலமும் வேண்டும், உபாயமும் வேண்டும். யானைக்கும் மார்புக்கும் இடையில் ஒரு பலகை இருந்தால் பாரம் பரவிவிடும். மார்பில் கல்லை வைத்துச் சம்மட்டியால் உடைக்கும் வித்தையில், கல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாதுகாப்பு. அடியைக் கல்லே வாங்கிக்கொள்ளும். சின்னக் கல்தான் ஆபத்து. தடித்த புத்தகத்தைக் கிழிப்பவர், ஓரத்தை வளைத்துத் தாள்களைப் படிப்படியாக விலக்கிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிக்கிறார். இதில் உபாயம் எது, பலம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் வீட்டில் செய்து பார்க்கும் பிள்ளைகள்தான் முதுகை உடைத்துக்கொள்கிறார்கள்.

கோதாவிலும் உத்தி உண்டு. ஆனால் எதிரில் இருப்பது கல்லோ சங்கிலியோ அல்ல, ஜெயிக்க நினைக்கும் இன்னொரு மனிதர். காமா தம்மை நிரூபித்தது அங்கேதான்.

1910ஆம் ஆண்டு. நம் புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். ஆங்கிலேயர் கைக்கு எட்டாமல் பாரதியார் இங்கே தங்கியிருந்த நேரம். அதே ஆண்டில் காமா தம் தம்பி இமாம் பக்ஷுடன் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். வங்காளத்துச் செல்வந்தர் சரத் குமார் மித்ரா பயணச் செலவை ஏற்றிருந்தார். போன இடத்தில் உயரம் போதாது என்று போட்டியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். உடனே காமா ஒரு அறைகூவல் விடுத்தார். எந்த எடையுள்ள மூன்று பயில்வான்களையும் அரைமணி நேரத்துக்குள் சாய்த்துக் காட்டுவதாகச் சொன்னார். வெறும் விளம்பர வித்தை என்று நினைத்து நெடுநாள் யாரும் முன்வரவில்லை. கடைசியில் அமெரிக்க மருத்துவரும் மல்லருமான பெஞ்சமின் ரோலர் இறங்கினார். முதல் முறை 1 நிமிடம் 40 நொடியிலும், இரண்டாம் முறை 9 நிமிடம் 10 நொடியிலும் சாய்ந்தார். அதன் பிறகுதான் போட்டியின் கதவு திறந்தது.

செப்டம்பர் 10ஆம் தேதி போலந்து நாட்டின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் இறுதிப் போட்டி. பரிசு 250 பவுண்டும் ஜான் புல் பெல்ட்டும். முதல் நிமிடத்திலேயே காமா அவரைத் தரையில் தள்ளிவிட்டார். எழுந்தால் தோற்போம் என்று தெரிந்த ஸ்பிஸ்கோ, இரண்டு மணி 35 நிமிடம் தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்தார். முடிவில்லாமல் ஆட்டம் நிறுத்தப்பட்டு, 17ஆம் தேதி மீண்டும் வைக்கப்பட்டது. அன்று ஸ்பிஸ்கோ வரவில்லை. பெல்ட் காமாவுக்குக் கிடைத்தது.

ஊர் திரும்பிய பிறகு, அலகாபாத்தில் தம் பழைய எதிரி ரஹீம் பக்ஷை வென்று ருஸ்தமே ஹிந்த் என்ற பட்டத்தைப் பெற்றார். ருஸ்தம் என்பது பாரசீகக் காவிய வீரனின் பெயர். நாம் சொல்லும் பயில்வான் என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததுதான். பின்னர் பாட்டியாலா மகாராஜாவின் ஆதரவில் இருந்தபோது, 1928 ஜனவரியில் ஸ்பிஸ்கோ அங்கேயே வந்து மீண்டும் மோதினார். காமாவுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. லண்டனில் இரண்டரை மணி நேரத்தில் முடியாதது, பாட்டியாலா மண்ணில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அரை நூற்றாண்டு கோதா வாழ்வில் தோல்வி அறியாதவர் என்பதே அவருக்கு இன்றும் உள்ள புகழ்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முஸ்லிம் பிள்ளையை வளர்த்தெடுத்த ததியா அரசர் இந்து. லண்டனுக்கு அனுப்பிய மித்ரா இந்து. ஆதரித்த பாட்டியாலா மகாராஜா சீக்கியர். கோதாவின் மண்ணில் புரண்டு எழுந்தவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருந்தார்கள். காமா அதை மறக்கவில்லை என்பது 1947இல் தெரிந்தது.

நாடு இரண்டாகப் பிரிந்தபோது காமா லாகூரில் மோஹ்னி ரோட்டில் குடியிருந்தார். அந்தத் தெருவில் இந்துக் குடும்பங்கள் நிறைய. ஊரெங்கும் தீயும் கத்தியுமாக இருந்த நாட்களில், கொலைவெறியோடு ஒரு கூட்டம் அந்தத் தெருவுக்கும் வந்தது. வந்தவர்கள் அவருடைய மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள்தான். எழுபதை நெருங்கும் வயதில் காமா தம் சீடர்களோடு தெருமுனையில் வந்து நின்றார். மீறி முன்னே வந்தவனுக்கு ஓர் அறை விழுந்தது. கூட்டம் திரும்பிப் போனது. அண்டை வீட்டார் இனி அங்கே இருக்க முடியாது என்றானபோது, வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் தம் கையிலிருந்து கொடுத்து, அவர்களை எல்லை நோக்கி அனுப்பிவைத்தார். அவர் குடும்பத்தையும் லாகூரையும் அறிந்தவர்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி இது. இதைப் பொறித்துவைக்க ஒரு கல் நடப்படவில்லை.

அவருடைய கடைசிக் காலம் எளிதாக இருக்கவில்லை. ஆண் பிள்ளைகள் எல்லாரும் இளவயதிலேயே மௌத்தாகிவிட்டார்கள். அரசர்கள் போனார்கள், ஆதரவும் போனது. இருதய நோயும் இளைப்பும் சேர்ந்துகொண்டன. மருத்துவச் செலவுக்கே சிரமம். செய்தி கேட்டு எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தொழிலதிபர் ஜி.டி. பிர்லா 2,000 ரூபாயும் மாதம் 300 ரூபாய் உதவித்தொகையும் அனுப்பினார். பாகிஸ்தான் அரசும் மருத்துவச் செலவுக்கு உதவியது. 1960 மே 23ஆம் தேதி லாகூரில் காமா வஃபாத்தானார்.

கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே! நம் பிள்ளைகள் ஜிம்முக்குப் போவது நல்லதுதான். உடம்பு அல்லாஹ் கொடுத்த அமானிதம். அதைப் பேணுவதைத் தடுக்க வேண்டாம். ஆனால் எதற்காக இந்தப் பலம் என்று அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள். மூன்று மாதத்தில் புஜம் பெருக்க ஊசி போடச் சொல்பவர்களிடமிருந்து தள்ளிவையுங்கள். காமாவின் உடம்புக்குப் பின்னால் பத்து வயதிலிருந்து போட்ட உழைப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். உண்மையான வீரன் யார் என்பது பற்றி மக்தபில் அவர்கள் மனப்பாடம் செய்த நபிமொழியை நினைவூட்டுங்கள். அதற்கு விளக்கம் வேண்டுமென்றால் மோஹ்னி ரோட்டைச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளையும் அடுத்த ஜும்ஆவில் பார்த்தேன். கல்லின் கணக்கைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே கேட்டார்கள். தெருமுனையில் நின்ற கதையைச் சொன்னபோது சிரிக்கவில்லை. கப்ஸா என்று சொன்ன பிள்ளைதான், அந்த இந்துக் குடும்பங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டான்.

அல்லாஹ் காமா பயில்வானின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளியாக்குவானாக. நம் பிள்ளைகளின் பலம் அண்டை வீட்டாருக்கு நிம்மதி தரும் பலமாக அமையட்டும். ஆமீன்.