நம் ஊரில் பத்து ஆண்டுகள் வாழ்ந்த வ.வே.சு. ஐயர்



மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் நமக்கு, கடற்கரைக்குப் போகும்போது பாரதியார் நினைவு வரும். அவருடைய நண்பர் வ.வே.சு. ஐயர் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. இந்த இதழில் அவரைப் பற்றிச் சொல்கிறோம்.

திருச்சி வரகனேரியில் 1881-இல் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்து, ரங்கூன் வழியாக லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போனார். அங்கே இந்தியா ஹவுஸ் புரட்சியாளர்களோடு சேர்ந்தார். போலீஸ் தேடவே, மாறுவேடத்தில் தப்பி 1910-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்தார்.

இங்கே செங்கோட்டை வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கினார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சி, அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். அவரிடம் இருந்தது பெல்ஜியம் எஃப்.என். ஆலையில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி.

அந்நாளில் இது புதுவகை. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும். பிரவுனிங்கிலோ, சுட்ட வேகமே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றும். சுருள்வில், தோட்டாப் பெட்டி, தோட்டா மூன்றும் சரியாக இருக்க வேண்டும். அழுக்கு படிந்தால் சிக்கிக்கொள்ளும். எந்தக் கம்பெனித் துப்பாக்கியை நம்பலாம் என்பது அப்போது பெரிய கேள்வி. அதே 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம், பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் துப்பாக்கியையும் சாவேஜ் துப்பாக்கியையும் தலா 6,000 முறை சுட்டுச் சோதித்தது. சாவேஜ் 37 முறை தகராறு செய்தது. கோல்ட் ஒருமுறைகூடச் சிக்கவில்லை.

ஆஷ் கொலைக்குப் பின் ஒற்றர்கள் ஊரை மொய்த்தார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றிலேயே ராஜதுரோகத் துண்டுப் பிரசுரங்கள் நிறைந்த ஜாடியைப் போட்டு அவரைச் சிக்கவைக்கப் பார்த்தார்கள். பிரெஞ்சு அதிகாரிகளிடம் தாமே முந்திக்கொண்டு சொன்னதால் தப்பினார். அந்தக் கெடுபிடிக்கு நடுவில்தான் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதினார்.

1920-இல் தமிழ்நாடு திரும்பி ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். காந்தியின் அறவழிக்கும் மாறினார். சிறை சென்று, பெல்லாரியில் கம்பராமாயண ஆராய்ச்சி எழுதினார். ஆனால் சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தார்கள், எதிர்ப்பு நியாயமானது. அந்தக் குறையை மறைத்து அவர் வரலாற்றைச் சொல்ல முடியாது.

1925 ஜூன் 3 அன்று பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்தார். இருவருமே பிழைக்கவில்லை. அவருக்கு வயது 44.

வாஞ்சியின் துப்பாக்கி வேலை செய்தது. இரண்டு உயிர் போயிற்று. அதைப் பழக்கியவரே பின்னாளில் அந்த வழியை விட்டார். உங்கள் பிள்ளைகள் துப்பாக்கி விளையாட்டைக் கைபேசியில் ஆடும்போது இதையும் சொல்லுங்கள். இந்த விடுமுறையில் ‘குளத்தங்கரை அரசமர’த்தை அவர்களுக்கு வாசித்தும் காட்டுங்கள்.