பிரான்சுவா மித்தரோன் (1916 – 1996)

மித்தரோன் 1916.10.26 அன்று பிரான்சின் ஜார்னக் என்னும் சிறுநகரிற் பிறந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1940இல் ஜேர்மனியரிடம் கைதியான அவர், 1941இல் தப்பி நாடு திரும்பினார். சோசலிசக் கட்சியின் சார்பில் 1981இல் சனாதிபதியாகத் தெரிவாகி, 1995 வரை பதவி வகித்தார். 1984இல் வேர்டன் போர்க்களத்தில் ஜேர்மனியச் சான்சலர் ஹெல்முட் கோலின் கையைப் பற்றி நின்று, பழைய பகைமை நீங்கியதை உணர்த்தினார்.

ஐரோப்பிய ஒன்றியத்தையும் பொது நாணயத்தையும் உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை 1992.02.07 அன்று கைச்சாத்திடப்பட்டது. ஜூன் 2இல் டென்மார்க் மக்கள் அதனை நிராகரித்தனர். பாராளுமன்றத்தின் மூலம் அங்கீகாரம் பெற வழியிருந்தும், மறுநாளே மித்தரோன் மக்கள் தீர்ப்பை (சர்வசன வாக்கெடுப்பு) அறிவித்தார்.

வாக்காளர் முன்னிருந்த விடயங்கள்:
• ஆதரித்தோர் – நிலையான சமாதானமும் பொருளாதார வலிமையும் கிட்டும் என்றனர்.
• எதிர்த்தோர் – நாட்டின் இறைமை குன்றும், பிராங்க் நாணயம் மறையும் என்றனர்.
• வேலையின்மையால் அதிருப்தியுற்ற பலர் – உடன்படிக்கையைப் பற்றித் தீர்மானிப்பதா, சனாதிபதியைத் தண்டிப்பதா எனத் தடுமாறினர்.

செப்டெம்பர் 3இல் மித்தரோன் தொலைக்காட்சியில் எதிர்த்தரப்பின் பிலிப் செகெனுடன் நேருக்கு நேர் விவாதித்தார். செப்டெம்பர் 20இல் நடைபெற்ற வாக்கெடுப்பில் 51.04% வாக்குகளால் உடன்படிக்கை மயிரிழையில் தப்பியது.

புற்றுநோயால் வருந்திய மித்தரோன் 1996.01.08 அன்று காலமானார். யூரோ நாணயத்தாள்கள் 2002இல் புழக்கத்துக்கு வந்தன.

நினைவிற் கொள்க: மக்கள் தீர்ப்பில் வாக்களிப்போர் ஆட்சியாளர்மீதுள்ள விருப்பு வெறுப்பை ஒதுக்கி, கேட்கப்பட்ட வினாவுக்கே விடையளித்தல் வேண்டும்.