ஒட்மார் மெர்கென்தாலர்

ஒட்மார் மெர்கென்தாலர் (மே 11, 1854 – அக்டோபர் 28, 1899) ஜெர்மனியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய ஒரு கண்டுபிடிப்பாளர் ஆவார். அச்சிட வேண்டிய ஒரு முழு வரியை உருகிய உலோகத்திலிருந்து ஒரே துண்டாக வார்த்துத் தரும் லினோடைப் பொறியை இவர் உருவாக்கினார். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கோக்கும் முறை 15ஆம் நூற்றாண்டில் கூட்டன்பர்க் காலத்திலிருந்து ஏறத்தாழ 400 ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி நீடித்து வந்தது. அம்முறைக்கு மாற்றாக உலகெங்கும் நாளிதழ் அச்சகங்களில் இடம்பெற்றது லினோடைப் ஆகும்.

லினோடைப் பொதுவாக அச்சுக்கோக்கும் பொறியாகவே அறியப்படுகிறது. ஆயினும் அடிப்படையில் அது ஒரு வார்ப்புப் பொறி. டை காஸ்டிங் எனப்படும் அழுத்த அச்சு வார்ப்புத் தொழில்நுட்பத்தின் தொடக்ககாலப் பயன்பாடுகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. பொருத்தமான கலப்புலோகம், அதற்கேற்ற வார்ப்பச்சு, இரண்டையும் விரைவாக இணைக்கும் பொறியமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே இப்பொறியின் வெற்றிக்குக் காரணம்.

பிறப்பும் இளமையும்

மெர்கென்தாலர் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் உள்ள ஹாக்டெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவரது தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். குடும்பம் பின்னர் என்சிங்கன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஓடாமல் நின்றுபோயிருந்த அவ்வூர்க் கடிகாரத்தைச் சிறுவனாக இருந்தபோதே இவர் பழுதுபார்த்து ஓடச்செய்தார் என்று சொல்லப்படுகிறது. மகனும் ஆசிரியராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ பொறிகளின் மீதே நாட்டம் இருந்தது. எனவே 1868 இல், தமது 14ஆம் அகவையில், பீட்டிக்ஹைம் நகரில் உறவினரான கடிகாரத் தொழிலாளி ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் அங்கே பயின்றார்.

கடிகாரத் தொழிலில் பெற்ற பயிற்சி பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகள் குறித்த நேரத்தில், குறித்த வரிசையில் இயங்க வேண்டும் என்பது கடிகாரத்திற்கும் லினோடைப்பிற்கும் பொதுவான தேவையாகும்.

அமெரிக்காவில் குடியேற்றம்

1870–71 இல் நடந்த பிரான்சு–பிரஷ்யப் போருக்குப் பின் ஜெர்மனியில் வேலைவாய்ப்பு அரிதாக இருந்தது. 1872 இல் மெர்கென்தாலர் அமெரிக்காவிற்குக் கப்பலேறினார். தம் முதலாளியின் மகனான ஆகஸ்ட் ஹால் என்பவர் வாஷிங்டன் நகரில் நடத்திவந்த பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். மின்கருவிகளும் வானிலை அளவீட்டுக் கருவிகளும் அங்கே செய்யப்பட்டன. பின்னர் அப்பட்டறை பால்ட்டிமோர் நகருக்கு மாற்றப்பட்டது. அந்நகரமே மெர்கென்தாலரின் நிலையான இருப்பிடமாயிற்று. 1878 இல் இவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1881 இல் எம்மா லாக்கென்மேயர் என்பவரை மணந்தார்.

தோல்வியில் முடிந்த முயற்சிகள்

நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான ஜேம்ஸ் கிளெஃபேன் என்பவர், வழக்கு ஆவணங்களை விரைவாகவும் குறைந்த செலவிலும் அச்சிட வழிதேடி வந்தார். அவருடைய ஆதரவுடன் சார்ல்ஸ் மூர் என்பவர் தட்டச்சுப் பொறியை ஒத்த ஒரு கருவியை வடிவமைத்தார். அது எழுத்துகளை ஒரு தாளில் பதிக்கும். அப்பதிவு பின்னர் கல்லச்சுக்கு மாற்றப்படும். அக்கருவி சரிவர இயங்காததால் 1876 இல் அது மெர்கென்தாலர் வேலை செய்த பட்டறைக்கு வந்து சேர்ந்தது. இதுவே இவரது வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது.

மெர்கென்தாலர் அக்கருவியைச் செம்மைப்படுத்திய போதும் கல்லச்சு வழியிலான முடிவுகள் நிறைவளிக்கவில்லை. அடுத்து, ஈரமான காகிதக்கூழ் அட்டையில் எழுத்துகளை அழுத்திப் பதித்து, அப்பள்ளங்களில் உலோகத்தை ஊற்றி அச்சுத்தகடு எடுக்கும் முறையைக் கிளெஃபேன் முன்வைத்தார். இம்முறையிலும் பல இடர்கள் எழுந்தன. எழுத்துகள் ஒரே ஆழத்தில் பதியவில்லை. ஓர் எழுத்தைப் பதிக்கும்போது அருகிலிருந்த பதிவு சிதைந்தது. ஈர அட்டை உலரும்வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது.

காகிதக்கூழ் ஒரு வார்ப்பச்சுப் பொருளாகத் தன்னளவில் தகுதியற்றது அன்று. நாளிதழ்களின் முழுப்பக்கத் தகடுகள் அக்காலத்தில் அவ்வாறே வார்க்கப்பட்டன. ஆனால் எழுத்து எழுத்தாகப் பதித்து உடனுக்குடன் வார்க்க வேண்டிய பொறிக்கு அது பொருந்தவில்லை. இதை உணர்வதற்குள் பல ஆண்டு உழைப்பும் ஆதரவாளர்களின் பெரும் பணமும் செலவாகியிருந்தன.

வார்ப்பு வழிக்கு மாறுதல்

1883 இல் மெர்கென்தாலர் பால்ட்டிமோரில் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். பதித்தல் ஒரு பொறியிலும் வார்த்தல் வேறொரு பொறியிலும் நடைபெறுவது ஏன், இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்ற எண்ணம் இக்காலத்தில் இவருக்குத் தோன்றியது. எழுத்துகள் குழிவாக வெட்டப்பட்ட உலோகத் தாய் அச்சுகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மீது உருகிய உலோகத்தை நேரடியாகச் செலுத்தினால் காகிதக்கூழ் தேவையில்லை. அழுத்திப் பதிக்கும் வேலையும் இல்லாமற்போகிறது.

1884 இல் உருவான பொறியில் எழுத்துகள் நீண்ட உலோகப் பட்டைகளில் அமைந்திருந்தன. 1885 அளவில் பட்டைகளைக் கைவிட்டு, ஒவ்வோர் எழுத்திற்கும் தனித்தனிப் பித்தளைத் தாய் அச்சுகளைப் பயன்படுத்தினார். விசையை அழுத்தியதும் தாய் அச்சு கீழிறங்கும். காற்றோட்டம் அதனை வரி சேரும் இடத்திற்குத் தள்ளிச் செல்லும். இதனால் இப்பொறி ஊதி என்னும் பொருள்படும் புளோவர் என்ற பெயரைப் பெற்றது.

1886 ஜூலை 3 அன்று நியூயார்க் டிரிபியூன் நாளிதழின் அலுவலகத்தில் இப்பொறி இயக்கிக் காட்டப்பட்டது. அந்நாளிதழின் தலைவரான வைட்லா ரீட் இதற்கு எழுத்து வரி எனப் பொருள்படும் வகையில் லினோடைப் என்று பெயரிட்டார். இப்பொறியைக் கொண்டு கோக்கப்பட்ட முதல் நூல் 1887 இல் வெளிவந்தது. டிரிபியூன் நாளிதழ் வெளியிட்ட திறந்தவெளி விளையாட்டுகள் பற்றிய நூல் அதுவாகும்.

பொறி இயங்கும் முறை

1890 அளவில் வெளிவந்த மேம்பட்ட வடிவமே பிற்கால லினோடைப்புகளுக்கு அடிப்படையாயிற்று. இதில் காற்றோட்டம் நீக்கப்பட்டு, சாய்வான பெட்டியிலிருந்து தாய் அச்சுகள் தம் எடையாலேயே சரிந்து இறங்குமாறு அமைக்கப்பட்டது. இயங்கும் முறையைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்.

1. 90 விசைகள் கொண்ட விசைப்பலகையில் இயக்குநர் ஒரு வரியைத் தட்டுகிறார். உரிய தாய் அச்சுகள் இறங்கி வரிசையாக நிற்கின்றன.
2. சொற்களுக்கிடையே உள்ள ஆப்பு வடிவ இடைவெளிப் பட்டைகள் மேலே தள்ளப்படுகின்றன. அதனால் வரி குறித்த அகலத்திற்குச் சமன் செய்யப்படுகிறது.
3. உருகிய உலோகம் நிறைந்த கலம் வார்ப்பச்சின் பின்புறத்தில் வந்து பொருந்துகிறது. உலோகத்தினுள் மூழ்கியிருக்கும் உந்துதண்டு கீழிறங்கி, சிறு துளைகள் வழியே உலோகத்தை அழுத்தத்துடன் செலுத்துகிறது.
4. உலோகம் நொடிப்பொழுதில் உறைகிறது. உறைந்த வரி கத்திகளால் சீவப்பட்டு வெளியே தள்ளப்படுகிறது.
5. தாய் அச்சுகள் பொறியின் உச்சிக்கு ஏற்றப்பட்டு, மீண்டும் தத்தம் அறைகளுக்குத் திரும்புகின்றன.

இறுதிப் படி குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு தாய் அச்சின் மேற்புறத்திலும் ஏழு இணைப் பற்கள் வரை வெட்டப்பட்டிருக்கும். எந்தப் பல் உள்ளது, எது இல்லை என்பது எழுத்துக்கு எழுத்து வேறுபடும். பள்ளம் வெட்டிய ஒரு தண்டில் தொங்கியபடி நகரும் தாய் அச்சு, தன் பற்களைத் தாங்கும் பகுதிகள் முடிவுறும் இடத்தில் தானே கீழே விழும். கணினியியலில் பயன்படும் இரும எண்முறைக் குறியீட்டை ஒத்த அமைப்பு இதுவாகும்.

கலப்புலோகத் தேர்வு

ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி ஆகியவை சேர்ந்த அச்செழுத்து உலோகம் மெர்கென்தாலருக்கு முன்பே நன்கு அறியப்பட்டிருந்தது. இவற்றுள் ஈயம் விலை குறைந்த அடிப்படை உலோகம். ஆனால் மிகவும் மென்மையானது. ஆன்டிமனி அதற்குக் கடினத்தன்மையைத் தருவதுடன், உறையும்போது ஏற்படும் சுருக்கத்தையும் குறைக்கிறது. வெள்ளீயம் உலோகம் எளிதாக ஓடவும், எழுத்தின் நுண்ணிய கோடுகள் தெளிவாக அமையவும், நொறுங்கும் தன்மை குறையவும் உதவுகிறது. மூன்றும் எந்த விகிதத்தில் சேர வேண்டும் என்பது பயன்பாட்டைப் பொறுத்தது. தோராயமான அளவுகள் வருமாறு:

- கையால் கோக்கப்படும் தனி எழுத்து: ஆன்டிமனி 24%, வெள்ளீயம் 12%, எஞ்சியது ஈயம்
- முழுப்பக்கத் தகடு: ஆன்டிமனி 14%, வெள்ளீயம் 6%, எஞ்சியது ஈயம்
- லினோடைப் வரி: ஆன்டிமனி 12%, வெள்ளீயம் 4%, எஞ்சியது ஈயம்

தனி எழுத்துகள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுவதால் அவை தேயாமல் இருக்க வேண்டும். ஆகவே கடினமான கலவை தேவைப்படுகிறது. லினோடைப் வரியோ ஒருமுறை பயன்பட்டதும் மீண்டும் உருக்கப்படுகிறது. அதற்கு நீண்டகால உறுதியைவிட, எளிதில் வார்க்கப்படும் தன்மையே முதன்மையானது.

ஈயம் 327 பாகை செல்சியசிலும் ஆன்டிமனி ஏறத்தாழ 631 பாகையிலும் வெள்ளீயம் 232 பாகையிலும் உருகுகின்றன. ஆனால் மேற்கூறிய லினோடைப் கலவை ஏறத்தாழ 240 பாகையிலேயே உருகிவிடுகிறது. பொதுவாக ஒரு கலப்புலோகம் ஒரு வெப்பநிலையில் உறையத் தொடங்கி, அதைவிடக் குறைந்த வேறொரு வெப்பநிலையில் முழுமையாக உறையும். இடைப்பட்ட நிலையில் அது கூழ்போல் இருக்கும். ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் மட்டும் இந்த இடைவெளி மறைந்து, ஒரே வெப்பநிலையில் உறைதல் நிகழும். இவ்விகிதம் கொண்ட கலவை யூடெக்டிக் கலவை எனப்படுகிறது. லினோடைப் உலோகம் இவ்விகிதத்தை ஒட்டியது. எனவே அது நன்கு ஓடி வார்ப்பச்சை நிரப்பி, உடனே திண்மமாகிறது. நிமிடத்திற்கு ஆறு வரிகள் வரை வார்க்க முடிந்ததற்கு இப்பண்பு இன்றியமையாதது. குறைந்த வெப்பநிலை காரணமாகப் பித்தளைத் தாய் அச்சுகளும் பல்லாயிரம் வார்ப்புகளைத் தாங்கின. இரும்புக் கலத்தையும் உந்துதண்டையும் ஈயக் கலவை அரிப்பதில்லை என்பது மற்றொரு நன்மை.

குறைகளும் உண்டு. மீண்டும் மீண்டும் உருக்கும்போது வெள்ளீயமும் ஆன்டிமனியும் ஆக்சைடாகிக் கசடுடன் வெளியேறுவதால் கலவையின் விகிதம் மாறும். அதை ஈடுசெய்ய, இவ்விரு உலோகங்களும் மிகுந்த கட்டிகளை அச்சகங்கள் அவ்வப்போது சேர்த்தன. சிறிதளவு துத்தநாகம் கலந்தாலும் உலோகம் சரியாக ஓடாது. ஈயம் நச்சுத்தன்மை உடையது என்பதால் தொழிலாளர்களின் உடல்நலமும் கவலைக்குரியதாக இருந்தது.

பூசல்களும் போட்டிகளும்

நாளிதழ் உரிமையாளர்கள் சிலர் ஒன்றிணைந்து லினோடைப் நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்றனர். அவர்களுள் ரீட் முதன்மையானவர். உற்பத்தி, நிர்வாகம் ஆகியவை தொடர்பாக அவருக்கும் மெர்கென்தாலருக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. 1888 இல் மெர்கென்தாலர் பதவி விலகினார். எனினும் பொறியை மேம்படுத்தும் பணியை அவர் கைவிடவில்லை. தமது பெயர் தாங்கிய பொறியின் மீதான உரிமைத்தொகைக்காகவும் அதைக் கண்டுபிடித்தவர் என்ற மதிப்பிற்காகவும் இறுதிவரை போராட வேண்டியிருந்தது.

இதே காலத்தில் ஜேம்ஸ் பேஜ் என்பவர் ஒரு போட்டிப் பொறியை உருவாக்கினார். எழுத்தாளர் மார்க் டுவெய்ன் அதில் பெரும் பணத்தை முதலீடு செய்து இழந்தார். பேஜின் பொறி ஆயத்த எழுத்துகளை எடுத்துக் கோத்து மீண்டும் பிரித்து அடுக்க முயன்றது. மனிதக் கைகளின் வேலையை அப்படியே பின்பற்றியதால் அது மிகவும் சிக்கலாகிப் பழுதுகளுக்கு உள்ளாயிற்று. மெர்கென்தாலரின் பொறியில் எழுத்தைப் பிரித்து அடுக்க வேண்டிய தேவையே இல்லை. பயன்பட்ட வரி உருக்கு கலத்திற்குத் திரும்பியது.

கையால் கோப்பவர் நால்வர் அல்லது ஐவரின் வேலையை ஒரு லினோடைப் செய்தது. இதனால் வேலையிழப்பு ஏற்படும் என்ற அச்சம் அச்சுக்கோப்பாளரிடையே பரவியது. நாளடைவில் அவர்களுள் பலர் இப்பொறியை இயக்கப் பயின்றனர். செலவு குறைந்ததால் நாளிதழ்களின் பக்கங்களும் பெருகின.

இறுதிக் காலம்

1894 இல் மெர்கென்தாலரின் உடல்நலம் குன்றியது. காசநோய் கண்டறியப்பட்டதால் வறண்ட தட்பவெப்பத்தை நாடி அரிசோனாவிற்கும் பின்னர் நியூ மெக்சிகோவில் உள்ள டெமிங் நகருக்கும் சென்றார். 1897 இல் டெமிங்கில் ஏற்பட்ட தீ விபத்தில் இவரது வீடும், எழுதிவந்த தன்வரலாற்றின் கையெழுத்துப் படியும் எரிந்தன. 1898 இல் பால்ட்டிமோர் திரும்பினார். தம் வாழ்வையும் லினோடைப்பின் வரலாற்றையும் கூறும் நூல் ஒன்று அவ்வாண்டே ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1899 அக்டோபர் 28 அன்று, தமது 45ஆம் அகவையில் காலமானார்.

தாக்கம்

லினோடைப்பில் இருந்த மூழ்கிய உந்துதண்டு அமைப்பு, இன்று வெப்ப அறை வார்ப்பு எனப்படும் முறையில் தொடர்கிறது. கலப்புலோகங்கள் மட்டும் மாறின. ஈயத்தின் இடத்தைப் பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் பெற்றன. 1929 இல் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் அறிமுகப்படுத்திய சமாக் வகைக் கலவைகளில் சுமார் 4% அலுமினியம் உள்ளது. இதுவும் அவ்விரு உலோகங்களின் யூடெக்டிக் விகிதத்தை ஒட்டியதே. அலுமினிய வார்ப்பில் சிலிக்கான் அதே பங்கை ஆற்றுகிறது. 660 பாகையில் உருகும் அலுமினியம், ஏறத்தாழ 12.6% சிலிக்கான் சேரும்போது 577 பாகையில் உருகுகிறது. உருகிய அலுமினியம் இரும்பைக் கரைப்பதால் அதற்கு மூழ்கிய உந்துதண்டு பொருந்தாது. ஒவ்வொரு முறையும் உலோகத்தைத் தனி அறையில் ஊற்றிச் செலுத்த வேண்டும். லினோடைப் உலோகத்திற்குத் துத்தநாகம் கேடு விளைவிப்பது போலவே, துத்தநாகக் கலவைக்கு மிகச் சிறிதளவு ஈயமும் கேடாகிறது. அது உலோகத்தை உள்ளிருந்தே அரித்து விரிசலடையச் செய்யும்.

ஒளியச்சுக்கோப்பும் கணினியும் பரவியபின் லினோடைப் வழக்கொழிந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1978 ஜூலையில் இதன் பயன்பாட்டைக் கைவிட்டது. பால்ட்டிமோரில் ஒரு தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளியும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடமும் மெர்கென்தாலரின் பெயரைத் தாங்கியுள்ளன.