ஹென்ரீட்டாவிடம் சொல்லாத செய்தி

1951-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். அங்குள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு கறுப்பர் இனப் பெண் வந்து படுத்தார். அவருக்கு வயது 30. ஐந்து குழந்தைகளின் தாய். கடைசிக் குழந்தை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

அவரிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். டாக்டர்கள் அவசியம் என்று கருதும் எந்த ஆபரேஷனையும் செய்யலாம், எந்த மயக்க மருந்தையும் கொடுக்கலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார்.

அவர்தான் ஹென்ரீட்டா லாக்ஸ்.

புகையிலைத் தோட்டம்

1920-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி வர்ஜீனியா மாநிலத்தில் ஹென்ரீட்டா பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். தாத்தா வளர்த்தார். அவர் குடியிருந்த வீடு, ஒரு காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த மரவீடு. பேத்தி புகையிலை வயலில் வேலை செய்தாள். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி.

1941-ல் டே லாக்ஸ் என்பவரை மணந்தார். பிறகு இருவரும் பிழைப்புக்காகப் பால்டிமோர் பக்கம் குடியேறினார்கள். கணவருக்கு இரும்பாலையில் வேலை.

வயிற்றுக்குள் ஏதோ முடிச்சுப் போல இருக்கிறது என்று உறவுக்காரப் பெண்களிடம் ஹென்ரீட்டா சொல்லி வந்தார். 1951 ஜனவரி 29-ந் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனார். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. மருந்து வாங்கப் போகிறேன் என்று மட்டும் கணவரிடம் சொன்னார். தாய்மார்களுக்கு இந்தக் குணம் எந்த நாட்டிலும் உண்டு போலும்!

ரேடியம்

சின்னக் கண்ணாடிக் குழாயில் ரேடியத்தை அடைத்து, அதைத் துணிப் பையில் வைத்து, நோய் கண்ட இடத்தில் தைத்தார்கள். அக்காலத்தில் அதுவே சிறந்த சிகிச்சை. தைப்பதற்கு முன், டாக்டர் இரண்டு சிறு சதைத் துண்டுகளை வெட்டி எடுத்தார். ஒன்று கட்டியிலிருந்து, மற்றொன்று நல்ல சதையிலிருந்து. ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

ரேடியம் முடிந்ததும் எக்ஸ்ரே சிகிச்சை. ஏறக்குறைய ஒரு மாதம் போய் வந்தார். ஒருநாள் உறவுப் பெண்களிடம் ஆடையை விலக்கிக் காட்டினார். வயிற்றுத் தோல் கரியாகக் கறுத்திருந்தது.

கதிருக்குக் கண் கிடையாது. நோயைச் சுடும்போது பக்கத்தில் உள்ள நல்ல சதையையும் சுடும். அடிவயிற்றில் பாய்ந்தால் கரு முட்டைகளையும் அழித்துவிடும். பிறகு பிள்ளைப்பேறு இல்லை.

இது ஹென்ரீட்டாவுக்குச் சிகிச்சை நடந்த பிறகே தெரிந்தது! முன்னமே சொல்லியிருந்தால் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டேன் என்று அவர் கூறியதை ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நோயாளிகளிடம் இதை முன்கூட்டிச் சொல்வது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம்தான். இவர் விஷயத்தில் அது தவறிவிட்டது. சம்மதிக்காவிட்டால் நோய் முற்றியிருக்கும் என்பது உண்மையே. ஆனால் உடல் யாருடையது?

சிகிச்சையும் பலிக்கவில்லை. நோய் உடலெங்கும் பரவியது. அக்டோபர் 4-ந் தேதி ஹென்ரீட்டா இறந்தார். வயது 31. சொந்த ஊரில் புதைத்தார்கள். கல்லறையில் பெயர்க் கல் வைத்தது 2010-ம் ஆண்டில்!

சாகாத உயிரணு

கட்டியிலிருந்து எடுத்த துண்டு சாகவில்லை. சோதனைச் சாலையில் அதன் உயிரணுக்கள் நாள்தோறும் இரு மடங்காகப் பெருகின. அதுவரை எந்த மனித உயிரணுவும் இப்படி வாழ்ந்ததில்லை. அவற்றுக்கு ஹீலா என்று பெயர் வைத்தார்கள். அவர் பெயரிலும் குடும்பப் பெயரிலும் உள்ள முதல் இரண்டிரண்டு எழுத்துக்கள் அவை. இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தைச் சோதிக்க அவை உதவின. உலகமெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளுக்குப் போயின. விலைக்கும் விற்றார்கள். குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது.

இதற்கிடையே 1960-ல் கான்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கூறியது. மார்பகப் புற்றுநோய்க்கு கோபால்ட் கதிர்ச் சிகிச்சை பெற்று, அதில் வெந்துபோன ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. நோய் என்ன, சிகிச்சை என்ன, அதில் ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்பதை நோயாளிக்குப் புரியும்படி டாக்டர் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று நீதிபதிகள் கூறினார்கள். ஹென்ரீட்டா இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள்.

1973-ல்தான் அவருடைய உயிரணு இன்னும் வாழ்கிறது என்று குடும்பத்தாருக்குத் தெரிந்தது. ஆராய்ச்சியாளர்கள் அவருடைய பிள்ளைகளிடமும் இரத்தம் எடுத்தார்கள். ஹீலா உயிரணுக்களை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவதற்காக எடுத்த இரத்தம் அது. காரணத்தைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லவில்லை. தாய் இறந்தபோது இரண்டு வயது கூட நிரம்பாத மகள் டெபோராவும் கை நீட்டினார். தாய்க்கு வந்த நோய் தனக்கும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என அவர் நினைத்துக் கொண்டார். முடிவு வரும் வரும் என்று காத்திருந்தார்.